கயிற்றில் தொங்கிய டிரம்பெட்

டிரம்பெட் ஊதுகிறவனுக்கு மேல்வரிசை முன்பல்தான் வாசல்நிலை. நிலை போனால் கதவு எதில் நிற்கும்? இந்த ஞானம் எனக்குப் பல் இருந்தபோது வரவில்லை. கையில் இருக்கும்போது யாருக்கு எதன் அருமை தெரிந்திருக்கிறது!

தொழில் எனக்கு விவசாயம். பாலக்காட்டு எல்லையில், வடகரப்பதிப் பக்கம் கொஞ்சம் தென்னை, தக்காளி, நிலக்கடலை. மழை ஏமாற்றட்டும், விலை ஏமாற்றட்டும், தை பிறந்துவிட்டால் எனக்குக் கவலை கிடையாது. பேண்ட் செட்டின் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்யாணம், மாரியம்மன் கோயில் திருவிழா, சர்ச் பெருநாள் என்று சித்திரை வரைக்கும் ஓட்டம்தான். செட்டில் நான் முதல் டிரம்பெட். பாட்டின் மேல்தட்டு முழுக்க என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் என்று சொல்வது அவர்களுடைய பெருந்தன்மை.

மலையடிவாரத்தில் ஒரு சர்ச். மாசி மாதம் அங்கே அம்புப் பெருநாள். வெள்ளி அம்பு ஒன்றைத் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். அம்புக்கு மேலே முத்துக்குடைகள், பின்னால் நாங்கள். ஊரின் மேற்குப் பாதிக்கு எங்கள் செட், கிழக்குப் பாதிக்கு இன்னொரு செட். பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு செட்டும் சர்ச் முற்றத்தில் எதிரும் புதிருமாக வந்து நிற்கும். நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறி வாசிப்போம். சனம் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று ஆர்ப்பரிக்கும்.

கடைசி மார்ச் பாட்டை மட்டும் இரண்டு செட்டும் சேர்ந்து வாசிக்கும். அதன் முடிவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். ஒரே ஒரு டிரம்பெட் மட்டும் மேலே ஏறிப்போய் உயரத்தில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாங்கள் அதை உச்சி என்போம். ஒரு வருடம் எங்கள் செட்டின் முறை, அடுத்த வருடம் அவர்கள் முறை. உச்சி கிளம்பிய பிறகுதான் மதிலோரம் நிற்கிற வெடிக்காரர் கதினாவில் தீ வைப்பார். கதினா என்பது இரும்புக் குழாயில் மருந்தைக் கிட்டித்து வைத்திருக்கிற பெருவெடி. அதன் திரி அதன் இஷ்டத்துக்குத்தான் எரியும். வெடிக்கிற வரைக்கும் உச்சி நிற்க வேண்டும். நடுவில் அறுந்தால் முற்றமே ‘ஊ’ என்று கூவும். அந்தக் கூவலை எதிர்ச் செட்டுக்காரன் வாங்கி நான் பார்த்திருக்கிறேன். மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

நான் வாங்கியதில்லை. எங்கள் முறை வரும்போதெல்லாம் கதினா வெடிக்கிற வரை நின்றிருக்கிறேன். கல்யாணமான புதிதிலிருந்து என் மனைவி பெருநாளுக்கு வருவாள். மெழுகுவத்தி கொளுத்துவாள், வளையல் கடை பார்ப்பாள், உச்சி நேரத்துக்குச் சரியாகக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். வெடி வெடித்ததும் அவள் காதைப் பொத்துவதைப் பார்த்தால்தான் எனக்கு அந்த வருடத்துப் பெருநாள் முடியும்.

பல் போனது வேறொரு சர்ச்சின் ஊர்வலத்தில். எனக்கு ஒரு பழக்கம். உயரத்துக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொள்வேன். நின்றுகொண்டு ஊதும்போது என்ன வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம். நடந்துகொண்டே ஊதுகிறவன் கண்ணை மூடலாமா? முன்னால் போன குடைக்காரர்கள் கரண்டுக் கம்பியைப் பார்த்துக் குடையைச் சாய்க்க நின்றுவிட்டார்கள். அவர்களைப் பார்த்து முன்வரிசை நின்றது. நான் மட்டும் சொர்க்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். டிரம்பெட்டின் வாய் முன்னால் நின்ற டிரம்ஸ்காரர் முதுகில் போய் முட்ட, மவுத்பீஸ் என் உதட்டைக் கிழித்துக்கொண்டு பல்லில் இறங்கியது. வெள்ளைக் கால்சட்டை முழுக்க ரத்தம்.

சித்தூர் டாக்டர் பல்லைப் பிடுங்கினார். உதடு ஆறிய பிறகு பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் புதுப் பல் ஒன்றைக் கட்டினார். கண்ணாடியில் பார்த்தால் பழையதைவிட அழகு. தைரியமாக டிரம்பெட்டை எடுத்தேன். காற்று வந்தது. வெறும் காற்று. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம். கீழ்ச் சுரங்கள் எப்படியோ தட்டுத் தடுமாறி வந்தன. அங்கிருந்து மேலே போகப் போக உதடு மரத்தது. உச்சிக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. அழுத்தினேன். இத்தனை வருடமும் அழுத்தித்தான் ஊதியிருக்கிறேன். புதுப் பல் சுருக்கென்று குத்தியது.

“பல்லுப் போனா சொல்லுப் போச்சும்பாங்க. உங்களுக்குப் பாட்டே போயிருச்சா?” என்றாள் மனைவி. கேலியாகத்தான் ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அட, வந்துருமுங்க. சித்த நாளாகட்டும்” என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த மழைக்காலத்தில் நான் பைத்தியக்காரன் மாதிரிச் செல்போன் வீடியோக்களைத் தேடினேன். பெருநாளைப் படம் எடுக்காத மனிதன் இருக்கிறானா? செட்டு ஆட்கள், சர்ச் பையன்கள் என்று எல்லோரிடமும் கேட்டு வாங்கினேன். என் சத்தத்தை ஒரு முறை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஊதுகிறவனுக்குத் தன் சத்தம் மண்டைக்குள் ஒரு மாதிரி கேட்கும். டிரம்பெட்டின் முன்னால் நிற்கிறவனுக்கு எப்படிக் கேட்கும் என்பது அவனுக்குத் தெரியாது. இருந்தவரைக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. கிடைத்த படங்களில் எல்லாம் செண்டை மேளமும் கூச்சலும்தான் கேட்டது. உச்சி வரும் இடத்தில் செல்போன் ‘கர்ர்’ என்று இரைந்தது. என் சத்தத்தைத் தாங்குகிற சக்தி அதற்கு இல்லை என்று முதலில் பெருமைப்பட்டேன். பிறகு துக்கமாக இருந்தது. எனக்கு என் சத்தம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றுகிற அளவுக்கு வேண்டும்.

பேண்ட் மாஸ்டர் நல்ல மனுஷன். என்னைக் கைவிடவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். “மாசிப் பெருநாளுக்கு உச்சி நம்ம முறையாக்கும். நிப்பீங்களா, ஆள் பாக்கட்டா?”

“நிப்பேன்” என்று சொல்லிவிட்டேன். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான்.

எதிர்ச் செட்டின் முதல் டிரம்பெட்டை எனக்கு அதுவரை முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற எதிரியாக மட்டும்தான் தெரியும். ஏறத்தாழ என் வயதுதான். ராவுத்தர் வீட்டு ஆள். வாளையாரில் லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறார். நாங்கள் பாய் என்போம். சர்க்கரை வியாதியில் மேல்வரிசைப் பல் முழுக்கப் போய், கட்டுப்பல் வைத்துக்கொண்டு ஊதுகிறார் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. ஒரு பல் போன நானே படுத்துவிட்டேன், ஒரு வரிசையே போனவன் எப்படி ஊதுவான்? ஆனால் போன வருடம் அவர்கள் முறையில் அந்த ஆள் உச்சியில் நின்றதை நானே கேட்டிருக்கிறேன். கட்டுப்பல்லோடா அது? மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாளையாருக்குப் போனேன்.

“வாங்க மச்சான்” என்று எழுந்தார். “எதிரிக் கோட்டைக்கு வழி தெரிஞ்சுதா?”

விஷயத்தைச் சொன்னேன். பாய் கடைக்குள் திரும்பிக்கொண்டு, மேல்வரிசைப் பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். பொக்கை வாயோடு சிரித்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இது பசையில நிக்குது. அழுத்துனேன்னு வைங்க, நழுவி நாக்கு மேல உக்காந்துக்கும். ஒரு கல்யாணத்துல பாதிப் பாட்டுல கழண்டு வந்துருச்சு. முழுங்காம தப்பிச்சது அல்லா புண்ணியம். அன்னைக்கு முடிவு பண்ணேன், இனி அழுத்தியே ஊதறதில்லேன்னு. பல்லு நல்லா இருக்கறவங்க அழுத்தியே பொழைச்சுக்குவாங்க. உங்க செட்டுல நீங்க ஊதறப்ப கழுத்து நரம்பு பொடைக்கறது முற்றத்துக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியும் மச்சான். ‘அந்த ஆளு ஊதுதா, கொம்பை முழுங்குதா’ன்னு எங்காளுங்க கேப்பாங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து வந்திருப்பேன். எங்கே போவது? வேறு யார் இருக்கிறார்கள் எனக்குச் சொல்லித்தர?

பாய் கடையின் உத்தரத்திலிருந்து ஒரு சன்னக் கயிற்றை இறக்கினார். லாரிப் பாரத்தை இறுக்குகிற கயிறு அல்ல, தார்ப்பாயின் ஓரம் கட்டுகிற கயிறு. என் டிரம்பெட்டை அதில் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு, என் வாய் உயரத்துக்குத் தொங்கவிட்டார்.

“கையைப் பின்னால கட்டிக்கோங்க. இப்ப ஊதுங்க.”

உதட்டை வைத்தேன். டிரம்பெட் தள்ளிக்கொண்டு போனது. எட்டிப் பிடித்தேன். மறுபடி ஓடியது. அழுத்த வழியில்லை. கொஞ்சம் அழுத்தினாலும் அது ஊஞ்சல் மாதிரி என்னைவிட்டு விலகி ஆடியது. கயிறு வாங்க வந்த லாரி டிரைவர் ஒருவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்ன பாய், பிசாசு ஓட்டறீங்களா?” என்றார். பாய் அசரவில்லை.

“கன்னத்தை ஊதாதீங்க. வாயோட ரெண்டு ஓரத்தையும் கெட்டியா வைங்க, நடு உதட்டைச் சும்மா விடுங்க. காத்து வயித்துல இருந்து வரட்டும். சத்தம் வேணும்னு நெனைக்காதீங்க. சுடுகஞ்சியை ஊதற மாதிரி ஊதுங்க.”

அன்றைக்குச் சத்தமே வரவில்லை. அடுத்த முறை போனபோது ஒரு கீழ்ச் சுரம், கொசு இரைகிற அளவுக்கு. அந்தக் கொசுச் சத்தம் வந்தபோது டிரம்பெட் அசையாமல் அப்படியே தொங்கியது. நெடுஞ்சாலையில் லாரி ஒன்று ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பாய் கையைத் தூக்கி, “அது கெடக்கட்டும், நீங்க ஊதுங்க” என்றார். அந்தக் கடையில் ஹாரனுக்கு நடுவே கொசுச் சத்தம் ஊதப் பழகியவன் நான். முதல் டிரம்பெட்!

வீட்டில் தேங்காய் போடுகிற கொட்டகையில் அதே மாதிரி கயிறு கட்டினேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங், அதுக்குத் தொட்டிலா கட்டிப்போட்டீங்க? தாலாட்டு நான் பாடறதா, நீங்க பாடறதா?”

“போடி அக்கட்டால” என்றேன்.

போகவில்லை. தேங்காய் மட்டையின்மேல் உட்கார்ந்து கேட்டாள். முன்பெல்லாம் நான் வீட்டில் ஊதினால் ஆடு மாடு மிரளும் என்று விரட்டுவாள். இப்போது மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. சத்தம் சின்னதாக, சுத்தமாக வந்தது. மெல்ல மெல்ல மேலே ஏறியது. நடுச் சுரங்கள் வந்தன. மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலை உச்சி வந்தது. வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அப்புறம் தினமும் கொஞ்சம் நின்றது. ஆனால் கதினாத் திரி எரிகிற நேரம் வரைக்கும் நிற்குமா? பாயிடம் கேட்டேன்.

“வாயோரம் தளர்றவரைக்கும் நிக்கும். தளர்ந்ததுக்கப்புறம் அழுத்தத் தோணும். அழுத்துனீங்க, போச்சு. அழுத்தாமயே தோத்தீங்கன்னா அது தோல்வியில்ல மச்சான்.”

தத்துவம் பேசுகிறவருக்கென்ன. கூவல் வாங்கப்போவது நான்.

பெருநாள் வந்தது. பகல் முழுக்க வீடு வீடாக ஊதினேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நடந்தேன், பயப்படாதீர்கள். பொழுது சாய முற்றத்துக்கு வந்தோம். எதிரே பாய், நீலக் கோட்டில். எனக்குப் பாடம் சொன்னது அவர் செட்டுக்கும் தெரியாது, என் செட்டுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பக்கமும் அடி விழுந்திருக்கும். கொடிமரத்துப் பக்கம் மனைவியின் பச்சைச் சேலை தெரிந்தது.

கடைசி மார்ச் முடிந்து எல்லாம் நின்றது. நான் மேலே ஏறினேன். உச்சிக்கு எந்த வால்வையும் அழுத்த வேண்டியதில்லை. விரலுக்கு வேலையே கிடையாது. உதடும் காற்றும் மட்டும்தான். மறைந்துகொள்ள இடமில்லாத சுரம் அது. வந்தது. சுத்தமாக வந்தது. வெடிக்காரர் குனிந்தார். திரியில் பொறி ஓடுவது தெரிந்தது.

நின்றேன். நின்றேன். திரி ஈரமோ என்னவோ, பொறி நத்தையாக ஊர்ந்தது. வாயின் இடது ஓரம் துடித்தது. தெரிந்துவிட்டது எனக்கு. இன்னும் கொஞ்சம்தான், பிறகு கிடையாது. கை தானாக டிரம்பெட்டை வாய்க்குள் இழுக்கப் பார்த்தது. அழுத்தினால் ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். பழைய ஆள் அழுத்தியிருப்பான். நான் அழுத்தவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. கயிற்றில் தொங்குகிற டிரம்பெட் கண்முன்னால் வந்தது, அவ்வளவுதான்.

உதடு விட்டது. காற்று மட்டும் போனது.

ஆனால் உச்சி அறுபடவில்லை. ஒலித்துக்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் பாய் டிரம்பெட்டைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு, ஆட்களுக்கு நடுவே தலை குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். என் சத்தம் தளர்வதற்கு முன்பே அதே சுரத்தில், அதற்கு அடியில் வந்து சேர்ந்திருக்கிறார். லாரியில் பழைய கயிற்றை அவிழ்க்கும் முன் புதுக் கயிற்றைக் கட்டிக்கொள்வார்களே, அப்படி. நான் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். கதினா வெடித்தது. மலை திருப்பிச் சொன்னது. எங்கள் பக்கத்துச் சனம் தொண்டை கிழியக் கத்தியது. மாஸ்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கொடிமரத்தைப் பார்த்தேன். மனைவி காதைப் பொத்தவில்லை.

கூட்டத்தில் பாய் என் தோளை இடித்துக்கொண்டு போனார். “நல்லா நின்னீங்க மச்சான்” என்று மட்டும் சொன்னார். எனக்குள் இருந்தது நன்றியா, வயிற்றெரிச்சலா என்று எனக்கே புரியவில்லை.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினோம். மலைப்பக்கம் இன்னும் வெளிச்சம் இருந்தது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்:

“கடைசீல ஊதுனது நீங்க இல்லீங்களே.”

எனக்கு வண்டி ஆடியது. “மாஸ்டருக்கே தெரியல. உனக்கெப்படித் தெரியும்?”

“ஏன் தெரியாம? பாதில ஆள் மாறுனது நல்லாத் தெரிஞ்சுது. மொதல்ல ஊதுனது நீங்கதான். ஆனா அதும் உங்க சத்தமில்லீங். அது நொம்பச் சுத்தமா இருந்துச்சு.”

“என்ற சத்தம் எப்படி இருக்கும்?”

“அட போங். எனக்கென்ன பாட்டா தெரியும்?”

“சொல்லு. எனக்குத் தெரியாது. எத்தனை செல்போன்ல தேடிட்டேன், ஒண்ணுலயும் இல்ல. நீதான் முன்னால நின்னு கேட்டவ.”

நான் கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டாள். சாலையில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு என் தோளுக்குப் பின்னாலிருந்து, பாடியே பழகாத தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தாள். ஆரம்பத்தில் ஒரு சின்னப் பிசிறு, காய்ந்த பனையோலை உரசுவது போல. அப்புறம் நேராக ஒரே இழுப்பு.

“பிசிறோடயா ஊதுவேன் நானு?”

“எப்பவுமே. அதைக் கேட்டாத்தானுங் நீங்கன்னு எனக்குத் தெரியும்.”

இனி அந்தச் சத்தம் எனக்கு வராது. அழுத்திய உதட்டுக்குத்தான் அந்தப் பிசிறு. அந்தப் பல்லும் இல்லை, அப்படி ஊதவும் இனி முடியாது. உலகத்தில் அது மிச்சமிருக்கிற ஒரே இடம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

“இன்னொருக்கா” என்றேன்.